பளபளக்கும் எதிர்கால அறைக்கு ஒளியமைப்பது எப்படி: பிளெண்டரில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் விண்கலத்தின் உட்புற நடைவழி ஒன்றை உருவாக்க எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. சுவர்ப் பலகைகள், கதவுகள், குழாய்கள் எல்லாவற்றையும் வடிவமைக்கும் வேலை முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. மீதி நான்கு வாரங்கள் ஒளியோடு மல்லுக்கட்டுவதில் போயின. விளக்கின் வலுவைக் கூட்டினால் சுவர் வெளுத்துப்போகும். குறைத்தால் உலோகத் தூண்கள் கரிக்கட்டைபோல் இருண்டுவிடும். நான் தேடிப் பார்த்த பாடங்கள் எல்லாம் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லின. ஏன் என்பதை யாரும் சொல்லவில்லை.

நான் தாமதமாகப் புரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பளபளப்பான பரப்பின் மேல் ஒளியைக் கொட்டிப் பயனில்லை. அது தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே வெறும் இருட்டு இருந்தால் இருட்டைக் காட்டும். ஆகவே எதிர்கால அறைக்கு ஒளியமைப்பது என்றால், பாதி வேலை அந்தப் பரப்புகளுக்கு எதிரே எதை வைக்கிறோம் என்பதுதான். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வரிசையை மாற்றியதால்தான் எனக்கு இரண்டு வாரங்கள் வீணாயின.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மென்பொருளுக்குச் செலவு இல்லை. பிளெண்டர் இலவசம், அதில் செய்த படத்தை விற்பதற்கும் தடையில்லை. 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பிளெண்டரில் காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் ரெண்டர் இயந்திரங்களில் முக்கியமானவை ஈவீ, சைக்கிள்ஸ் என்ற இரண்டு. இந்த வகைக் காட்சிக்குச் சைக்கிள்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஈவீ வேகமானது. ஆனால் அது பிரதிபலிப்பைப் பெரும்பாலும் திரையில் தெரியும் பகுதியிலிருந்தே எடுக்கிறது. கேமராவுக்குப் பின்னால் இருக்கும் ஒளிரும் பட்டை உலோகக் கதவில் தெரிய வேண்டும் என்றால் ஈவீ தடுமாறும். சைக்கிள்ஸ் கதிர்களை உண்மையாகவே அறைக்குள் அனுப்பிப் பார்க்கிறது.

கணினியில் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தைக் கவனியுங்கள். 4096 × 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும்) படம், கோப்பாக 10 மெகாபைட் மட்டும் இருந்தாலும், நினைவகத்தில் ஏறக்குறைய 64 மெகாபைட் பிடித்துக்கொள்ளும். அப்படி 40 படங்கள் என்றால் இரண்டரை ஜிகாபைட் போய்விடும். தூரத்தில் இருக்கும் பலகைக்கு 1024 அளவே போதும்.

ஆவணங்களில் அலட்சியம் வேண்டாம். இணையத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டெக்ஸ்சருக்கும், சுற்றுப்புறத்தின் ஒளியளவையும் பதிந்திருக்கும் ஒவ்வொரு எச்டிஆர்ஐ படத்துக்கும் ஓர் உரிமம் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி0 உரிமம் என்றால் பெயர் குறிப்பிடாமலே, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். பாலி ஹேவன், ஆம்பியன்ட்சிஜி ஆகிய தளங்கள் இந்த உரிமத்தில்தான் தருகின்றன. சிசி-பிஒய் என்றால் உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பதிவிறக்கிய நாள், முகவரி, உரிமத்தின் பெயர் மூன்றையும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி, அதே கோப்புறையில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது படத்தை விலைக்குக் கேட்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

2. அளவைச் சரிபாருங்கள், ஓரங்களை மழுக்குங்கள்

பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர். கதவு 2 முதல் 2.2 மீட்டர், நடைவழியின் கூரை 2.5 முதல் 3 மீட்டர் என்று நிஜ அளவில் இருக்கட்டும். அறை பத்து மடங்கு பெரிதாகிவிட்டால் விளக்கின் வாட் எண்ணிக்கை எதுவும் பொருந்தாது. பொருளை இழுத்துப் பெரிதாக்கியிருந்தால், கன்ட்ரோலும் ஏ எழுத்தும் சேர்த்து அழுத்தி, ஸ்கேலை நிலைப்படுத்திவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்து வரும் பெவல் (ஓரத்தை மழுக்கும் வசதி) ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் விழும்.

எந்த உலோகப் பலகைக்கும் கத்திபோன்ற ஓரம் விடாதீர்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் பெவல், அதில் இரண்டு மூன்று வெட்டுகள் போதும். பெரிய பரப்பு இருண்டிருந்தாலும், மழுங்கிய ஓரம் பல திசைகளை நோக்குவதால் எங்கோ இருக்கும் ஒரு விளக்கைப் பிடித்து மெல்லிய வெள்ளிக்கோடாகக் காட்டிவிடும். இருண்ட அறையிலும் பலகைகள் தனித்தனியாகத் தெரிவது அந்தக் கோடுகளால்தான். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகே என் நடைவழி முதன்முறையாக நிஜமாகத் தெரிந்தது.

3. முதலில் சாம்பல் நிறத்தில் ஒளியமையுங்கள்

பரப்பின் நிறத்தையும் பளபளப்பையும் தீர்மானிக்கும் மெட்டீரியல்கள் எல்லாம் போட்ட பிறகு விளக்கு வைக்கத் தொடங்குவதுதான் பெரும்பாலானோர் விழும் குழி. வியூ லேயர் பகுதியில் மெட்டீரியல் ஓவர்ரைடு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பளபளப்பில்லாத சாம்பல் மெட்டீரியல் ஒன்றைக் கொடுங்கள். நிற மதிப்பு 0.5 இருக்கலாம். முழு அறையும் களிமண் பொம்மைபோல் ஆகிவிடும். இந்த நிலையில் எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். கண்ணாடிகளும் ஒளிரும் பட்டைகளும்கூட சாம்பலாகிவிடும் என்பதால், அந்த இடங்களில் தற்காலிகமாக ஏரியா விளக்குகளை (செவ்வகப் பரப்பிலிருந்து ஒளி தருபவை) வைத்துக்கொள்ளுங்கள்.

கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (கணக்கிட்ட ஒளியைத் திரை நிறமாக மாற்றும் முறை) எதுவென்று இப்போதே பாருங்கள். 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ் தானாகவே வருகிறது, அதை மாற்றாதீர்கள். ஸ்டாண்டர்டு என்பதில் நீல விளக்கு ஓர் அளவைத் தாண்டியதும் தட்டையான நீலத் திட்டாகிவிடும். ஏஜிஎக்ஸில் ஒளி கூடக் கூட நிறம் மெல்ல வெளுத்து வெண்மைக்குப் போகும். கேமராவில் எடுத்த நியான் விளக்கும் அப்படித்தான் தெரியும். பாதி வேலை முடிந்த பிறகு இதை மாற்றினால் எல்லா விளக்கையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

4. விளக்குகள்: ஒளிரும் பட்டையும் மறைந்த துணையும்

எதிர்கால அறை என்றாலே கூரையிலும் தரையோரத்திலும் ஓடும் ஒளிப்பட்டைகள். இங்கேதான் நான் அதிக நாள் மாட்டிக்கொண்டேன். பட்டைக்கு எமிஷன் (தானே ஒளிவிடும்) மெட்டீரியல் கொடுத்து, அறை முழுதும் வெளிச்சமாகும்வரை வலுவைக் கூட்டினேன். அறை ஒளிர்ந்தது. பட்டையோ நிறமே இல்லாத வெள்ளைக் கோடாகிவிட்டது. வலுவைக் குறைத்தால் பட்டையின் நீலம் திரும்பியது, அறை இருண்டது.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கண்ணுக்குத் தெரியும் பட்டைக்கு அதன் நிறம் நிலைக்கும் அளவுக்கு மட்டும் வலு கொடுங்கள். அதற்குச் சற்று முன்னால், அதே நீள அகலத்தில் ஓர் ஏரியா விளக்கை வைத்து, கேமராவுக்குத் தெரியாதபடி செய்யுங்கள். அறையை வெளிச்சமாக்கும் வேலை அதனுடையது.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கேமராவுக்கு மறைந்த விளக்கு பளபளப்பான தரைக்கு மறைவதில்லை. அறையில் இல்லாத ஒரு வெள்ளைச் செவ்வகம் தரையில் மிதக்கும். ஆப்ஜெக்ட் பண்புகளில் உள்ள ரே விசிபிலிட்டி பட்டியலில் குளோஸி (பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் கதிர்கள்) என்பதை எடுத்துவிட்டால் அது போய்விடும். உடனே இரண்டாவது பொறி வருகிறது. உலோகத்துக்குப் பரவல் ஒளி என்று ஒன்று கிடையாது. அது ஒளியை வாங்குவதே குளோஸி கதிர்கள் வழியாகத்தான். அந்தக் கதிர்களுக்கு மறைத்த விளக்கு, உலோகத்தைப் பொறுத்தவரை எரியவே இல்லை. என் தூண்கள் கறுத்துப்போனதற்கு இதுவே காரணம். ஆகவே எல்லா விளக்கையும் ஒரேயடியாக மறைக்காதீர்கள்; தரையில் உறுத்தும் ஒன்றிரண்டை மட்டும் மறையுங்கள். 4.0 முதல் லைட் லிங்கிங் வசதியும் இருக்கிறது. ஒரு விளக்கு எந்தப் பொருள்களுக்கு ஒளி தர வேண்டும், எவற்றுக்குத் தர வேண்டாம் என்று பட்டியலிட்டு, தரையை மட்டும் விலக்கிவிடலாம்.

சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளி, தொலைவு இரட்டித்தால் நான்கில் ஒன்றாகக் குறையும். நீண்ட பட்டைக்கு அருகில் அப்படியில்லை. தொலைவு இரட்டித்தால் பாதியாகத்தான் குறையும். பட்டை விளக்குகள் உள்ள அறை ஒரே சீராகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். ஆழம் வேண்டுமென்றால் நடைவழி முழுதும் பட்டையை ஓடவிடாதீர்கள். நடுவே இரண்டு மூன்று மீட்டர் இருட்டாக விடுங்கள். நிறத்தில் வெள்ளை 6500 கெல்வின், அதற்கு எதிராக ஓரிடத்தில் 3000 கெல்வின் அளவில் மஞ்சள் சாயல் என்று வைத்தால், நீலத்தை வாரி இறைக்காமலே குளிர்ச்சியான தோற்றம் வரும்.

5. பளபளப்பு எண்கள்

சாம்பலில் ஒளி திருப்தியாக இருந்தால் மட்டும் ஓவர்ரைடை எடுத்துவிட்டு மெட்டீரியலுக்கு வாருங்கள். நிறம், பளபளப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அமைக்கும் பிரின்சிபல்டு ஷேடர் ஒன்றே போதும்.

மெட்டாலிக் மதிப்பு உலோகத்துக்கு 1, மற்றவற்றுக்கு 0. இடையில் எதுவும் வேண்டாம். 0.5 என்று வைத்தால் அது உலகில் இல்லாத பொருள். அலுமினியத்துக்கு அடிப்படை நிறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 0.91 அருகே, இரும்புக்கு 0.56 அருகே. வெள்ளைச் சுவருக்கு 0.8க்கு மேல் போகாதீர்கள். 1.0 கொடுத்தால் ஒளி சுவர்களுக்கிடையே குறையாமல் அலைந்து, நிழல் எல்லாம் வெளுத்து, இரைச்சலும் (படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள்) கூடிவிடும்.

ரஃப்னஸுக்கு (பரப்பின் சொரசொரப்பு; 0 என்றால் கண்ணாடி) நான் தொடங்கும் எண்கள் இவை: மெருகேற்றிய உலோகம் 0.1, இழைத்த உலோகம் 0.3, வண்ணம் பூசிய பலகை 0.45, பளபளப்பான தரை 0.15. எங்கும் 0 வைக்காதீர்கள். ஒரே எண்ணைப் பரப்பு முழுதும் வைத்தாலும் பிளாஸ்டிக் போலவே இருக்கும். கைரேகை, துடைத்த தடம், மெல்லிய தூசு உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ரஃப்னஸில் இணைத்து, மதிப்பு 0.05 அளவு மேலும் கீழும் அசையும்படி செய்யுங்கள். பிரதிபலிப்பு அங்கங்கே கலைந்து தெரியும்போதுதான் அந்த அறையில் ஆட்கள் நடமாடியதாகத் தோன்றும்.

அந்தப் படத்தை இணைத்தவுடன் கலர் ஸ்பேஸை நான்-கலர் என்று மாற்ற மறக்கவே கூடாது. மாற்றாவிட்டால் பிளெண்டர் அதை வண்ணப்படமாக எண்ணி, 0.5 என்ற மதிப்பை 0.21 என்று படிக்கும். மங்கலாக இருக்க வேண்டிய பரப்பு கண்ணாடியாகிவிடும். மேடுபள்ளத் தோற்றம் தரும் நார்மல் மேப்புக்கும் இதே விதி.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரை போதிய அளவு பிரதிபலிக்கவில்லை என்று மெட்டாலிக்கைக் கூட்டுபவர்கள் ஏராளம், நானும் செய்தேன். தேவையே இல்லை. ஒளிவிலகல் எண் 1.5 உள்ள சாதாரணப் பளபளப்புத் தரை, நேர் மேலிருந்து பார்த்தால் 4 சதவீதம்தான் பிரதிபலிக்கும். கேமரா 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, 2.8 மீட்டர் தொலைவில் உள்ள தரை ஏறக்குறைய 9 சதவீதம் பிரதிபலிக்கிறது. 9 மீட்டர் தொலைவில் அது 39 சதவீதம் ஆகிவிடுகிறது. பார்வை சாயச் சாயத் தரை கண்ணாடியாகிறது. ஆகவே நிறைய பிரதிபலிப்பு வேண்டுமென்றால் கேமராவை ஒரு மீட்டருக்குத் தாழ்த்திப் பாருங்கள். மெட்டீரியலைத் தொடவே வேண்டியிருக்காது.

6. பிரதிபலிப்பில் தெரிய வேண்டியதைக் கட்டுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

கேமராவுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் கட்டிவிட்டு, பின்பக்கத்தைத் திறந்துவிடுவது வழக்கம். பளபளப்பு இல்லாத அறைக்கு அது சரி. உலோக அறையில் அந்தத் திறந்த பக்கம் ஒவ்வொரு கதவிலும் கறுப்பாகத் தெரியும். கேமராவுக்குப் பின்னாலும் சில மீட்டர் நடைவழியை எளிய பலகைகளால் கட்டி, அதிலும் ஒன்றிரண்டு ஒளிப்பட்டைகளை வையுங்கள். நுணுக்கம் தேவையில்லை, மங்கலான பிரதிபலிப்பில் வடிவமும் வெளிச்சமும்தான் தெரியும். ஜன்னல் இருந்தால் அதற்கு வெளியே எச்டிஆர்ஐ படம் ஒன்றை வேர்ல்டில் போடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட இடத்தில் தரை பளிச்சிட வேண்டும், விளக்கை எங்கே வைப்பது? குத்துமதிப்பாக நகர்த்திப் பார்த்து நான் நாட்களைத் தொலைத்தேன். இதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது:

கேமரா தரையிலிருந்து 1.6 மீட்டர் மேலே இருந்தால், அதற்கு நேர் கீழே, தரைக்கு 1.6 மீட்டர் ஆழத்தில் ஓர் எம்ப்டியை (ரெண்டரில் தெரியாத குறிப்புப் புள்ளி) வையுங்கள். அங்கிருந்து, பளிச்சிட வேண்டிய தரைப்புள்ளி வழியாக ஒரு நேர்கோட்டை மேல்நோக்கி நீட்டுங்கள். அந்தக் கோடு சுவரிலோ கூரையிலோ முட்டும் இடத்தைத்தான் கேமரா தரைக்குள் பார்க்கிறது. விளக்கு அங்கே இருந்தால் அந்தப் புள்ளி பளிச்சிடும். ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், எத்தனை வாட் கூட்டினாலும் பளிச்சிடாது. சுவர்ப் பலகைக்கும் இதையே, தரைக்குப் பதில் சுவரை வைத்துச் செய்யலாம்.

வளைந்த பொருள்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. உருளைத் தூண் அறையின் பெரும்பகுதியையே தன்னுள் காட்டும். அதற்கு நீண்ட, ஒடுங்கிய, செங்குத்தான விளக்கு ஒன்று வேண்டும். அப்போதுதான் தூணின் மேலிருந்து கீழ்வரை ஓர் ஒளிக்கோடு ஓடி, அதன் உருண்டையைக் காட்டும். தூணின் இரு ஓரங்களிலும் கறுப்பாக ஏதாவது பிரதிபலிக்கும்படி இருட்டுப் பலகைகளையும் வைத்துப் பாருங்கள். பளபளப்பு என்பது வெளிச்சமும் இருட்டும் அடுத்தடுத்து வருவது. எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் என்றால் உலோகம் சாம்பல் வண்ணம் பூசிய மரமாகிவிடும்.

7. துள்ளல்களும் வெண்புள்ளிகளும்

ஒளிக்கதிர் எத்தனை முறை துள்ளலாம் என்பது லைட் பாத்ஸ் பகுதியில் இருக்கிறது. குளோஸிக்கு இயல்பாக 4. எதிரெதிரே இரண்டு உலோகச் சுவர்கள் இருந்தால், பிரதிபலிப்புக்குள் பிரதிபலிப்பாகப் போய் ஒரு கட்டத்தில் சட்டென்று கறுப்பாகும். 8 ஆக்கினால் பெரும்பாலும் போதும். 30, 40 என்று ஏற்றுவதால் நேரம்தான் கூடும்.

மின்மினிபோல் வெண்புள்ளிகள் சிதறியிருந்தால், காஸ்டிக்ஸ் (பிரதிபலிப்பாலோ கண்ணாடியாலோ குவியும் ஒளி) பகுதியில் ரிஃப்ளெக்டிவ், ரிஃப்ராக்டிவ் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். துள்ளி வரும் ஒளியின் உச்ச அளவை வெட்டும் கிளாம்ப் இன்டைரக்டை 10 என்பதிலிருந்து 3 அல்லது 4க்குக் குறையுங்கள். டைரக்டை 0 ஆகவே விடுங்கள். ரிஃப்ராக்டிவை அணைத்ததும் அறை திடீரென்று இருண்டால் பதறாதீர்கள். உங்கள் விளக்கு ஏதோ ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடி இப்போது கட்டைச் சுவர்போல் நிழல் போடுகிறது. விளக்கைக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கண்ணாடியின் ரே விசிபிலிட்டியில் ஷேடோவை அணைத்துவிடுங்கள்.

8. நேரக் கணக்கு

சைக்கிள்ஸில் இரைச்சல் பாதியாக வேண்டுமென்றால் சாம்பிள் (ஒரு புள்ளிக்கு அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கை) நான்கு மடங்காக வேண்டும். 300 சாம்பிளில் 10 நிமிடம் என்றால், பாதி இரைச்சலுக்கு 1200 சாம்பிள், 40 நிமிடம். இயல்பாக இருக்கும் 4096 என்ற எண்ணைப் பார்த்து அப்படியே ஓடவிடாதீர்கள். நாய்ஸ் திரெஷோல்டை (இரைச்சல் இந்த அளவுக்குக் குறைந்ததும் நிறுத்தும் எல்லை) 0.02 அருகில் வைத்து, 500 சாம்பிளில் தொடங்கி, இரைச்சலை நீக்கும் டீநாய்ஸரைப் பயன்படுத்துங்கள். ஆனால் இரைச்சல் மிகுந்த படத்தை டீநாய்ஸரிடம் கொடுத்தால், மங்கலான பிரதிபலிப்புக்குள் இருக்கும் சிறு எழுத்துகளையும் திருகுகளையும் மெழுகிவிடும். தரையை 100 சதவீத அளவில் பெரிதாக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

சோதனைக்கு அளவை 50 சதவீதமாக்குங்கள். புள்ளிகள் கால்வாசிதான், நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு மூலையை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ரெண்டர் ரீஜன் இருக்கிறது.

அசைபடம் எடுப்பவர்கள் முதலிலேயே பெருக்கிப் பார்த்துவிடுங்கள். 10 நொடி, நொடிக்கு 24 சட்டகம், மொத்தம் 240. சட்டகத்துக்கு 5 நிமிடம் என்றால் 20 மணி நேரம். வெளியே ரெண்டர் சேவையை வாடகைக்கு எடுத்தாலும் இதே கணக்குதான் கட்டணமாகும். பணம் கட்டுமுன் முதல் சட்டகம், நடுச் சட்டகம், கடைசிச் சட்டகம் மூன்றையும் அவர்களிடமே ஓட்டிப் பாருங்கள். டெக்ஸ்சர் கோப்புகளை பிளெண்ட் கோப்புக்குள் பேக் செய்தே அனுப்புங்கள். விடுபட்ட டெக்ஸ்சர் இளஞ்சிவப்பாக வரும், அதற்கும் கட்டணம் எடுக்கப்படும். எந்த நிலையிலும் நேரடியாக வீடியோவாக எழுத வைக்காதீர்கள். சட்டகங்களைத் தனித்தனிப் படமாகச் சேமித்தால், 180வது சட்டகத்தில் கணினி நின்றாலும் அங்கிருந்தே தொடரலாம்.

9. கடைசி ரெண்டருக்கு முன் ஐந்து நிமிடம்

விளக்குகளை லைட் குரூப்களாகப் பிரித்துவிடுங்கள். 3.2 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. கூரைப் பட்டைகள் ஒரு குழு, தரையோர நீலம் ஒரு குழு, ஜன்னல் ஒரு குழு என்று மூன்று போதும். கோப்பு வகையை ஓப்பன் இஎக்ஸ்ஆர் மல்டிலேயர் என்று வையுங்கள். ஒரே ரெண்டரில் ஒவ்வொரு குழுவின் ஒளியும் தனித்தனி அடுக்காகக் கிடைக்கும். அடுக்குகளைச் சேர்க்கும் கம்பாசிட்டரில் அவற்றைக் கூட்டினால் முழுப் படம் வந்துவிடும். டீநாய்ஸரை மட்டும் அங்கே, கூட்டிய பிறகு போடுங்கள். குழு அடுக்குகள் இரைச்சலோடுதான் வரும்.

மறுநாள் காலையில் பார்க்கும்போது தரையோர நீலம் தூக்கலாக இருப்பதாகத் தோன்றினால், அந்த அடுக்கின் மதிப்பை 1 என்பதிலிருந்து 0.6க்கு இறக்குங்கள். தரையிலும் தூண்களிலும் விழுந்த நீலமும் அதே விகிதத்தில் இறங்கிவிடும். மறுபடி 40 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை.